தவணை தீருமுன் கைபேசி மாற்றல்: ஒரு பன்முக நோக்கு

மனிதன் தோன்றிய காலம் தொட்டே கைபேசி மாற்றி வருகிறான் என்று தொடங்கத்தான் ஆசை. எதைப் பற்றிய ஆய்வேடானாலும் மனிதன் தோன்றிய காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நம் பல்கலைக்கழகங்களின் எழுதாச் சட்டம். புதுக்கவிதையில் படிமம் பற்றிய ஏடாக இருந்தாலும் முதல் பக்கத்தில் ஒருவன் கல்லாயுதத்தோடு நின்றுகொண்டிருப்பான். ஆனால் நமக்குச் சான்றுகள் இடம் தரவில்லை. இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பே 1995 ஜூலை 31 அன்றுதான் நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். பேசி முடித்ததும் கருவியைத் திருப்பிப் பார்த்து, அடுத்த மாடல் எப்போது வரும் என்று கேட்டாரா என்பதற்கு ஆவணமில்லை. ஆவணமில்லாமை எந்த ஆய்வாளரையும் தடுத்ததாகவும் ஆவணமில்லை. மேலே செல்வோம்.

ஆய்வு எல்லை

மாதத் தவணைக்கு வாங்கிய ஸ்மார்ட்போனைக் கடைசித் தவணை கட்டுவதற்குள் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்கும் வழக்கம் மட்டுமே இங்கு ஆராயப்படும். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது வேறு மாதிரி. அங்கே தொலைபேசி நிறுவனமே இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டுக் கைபேசியைக் குறைந்த விலைக்குத் தரும். நடுவில் முறித்தால் அபராதமும் அதுவே போடும். கொடுத்தவனே பிடிப்பதால் கணக்கு நேரானது. நமக்கோ சிம் ஒரு கம்பெனி, செட் ஒரு கம்பெனி, கடன் இன்னொரு கம்பெனி. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம் தானாகப் படுத்துவிடும். தவணையை விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும், அதுவும் அதே போனுக்கு.

2003இல் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு கைபேசியைக் கொடுத்தது. மீதியை மாதாமாதம் கட்டினால் போதும் என்றது. வாங்கும்போது இருந்த கூட்டம் கட்டும்போது இல்லை. நம் மரபின் மூலநூல் என்று இதைக் கொள்ளலாம். மீதித் தவணையை யார் கட்டுவது என்னும் வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முன்னாய்வுகள்

இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை. தேடிப் பார்க்கவில்லை.

கருதுகோள்

கைபேசி கெடுவதில்லை, பக்கத்து இருக்கைக்காரர் புதிது வாங்குகிறார்.

காரணங்களின் வகைப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என்றார். ஆகவே கைபேசி மாற்றும் காரணங்களும் எட்டாகத்தான் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவை நான்கு. மீதி நான்கைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை முனைவர் பட்ட மாணவர் ஒருவருக்கு ஒதுக்கியிருக்கிறேன். அவர் கண்டுபிடித்ததும் கட்டுரையில் என் பெயர் முதலில் வரும்.

வீழ்ச்சி: தானே விழுதல், விழ விடுதல் என இது இருவகைப்படும். ஏழாவது தவணைக்குப் பிறகு இரண்டையும் பிரித்தறிய இயலாது (மச்சான், நேர்ப்பேச்சு). டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய நாளில் விழாத போன், அது ஓரம் பெயர்ந்து உரித்துப்போட்ட மறுநாள் முகம் குப்புற விழும்.

வீக்கம்: பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்புவது. வீட்டில் மறுபேச்சு கிளம்பாத ஒரே காரணம்.

நிறைவு: ஸ்டோரேஜ் ஃபுல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் விடியற்காலையில் வந்து இறங்கும் ரோஜாப் பூ, ஆவி பறக்கும் காபி, அதன்மேல் 'இனிய காலை வணக்கம்' ஆகியவற்றால் நேர்வது. அழித்தால் தீரும். ஆனால் அனுப்பியவர் பெரியப்பா. அழிப்பதைவிடப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்குவது உறவுக்கு நல்லது (பெரியம்மா, தொலைபேசிவழிக் கூற்று, இரண்டாம் அழைப்பு, முதல் அழைப்பில் சிக்னல் இல்லை).

ஒப்பு: மச்சான் வாங்கிவிட்டான்.

வட்டியில்லா வட்டி

தத்துவத் துறையினர் கவனிக்க வேண்டிய பகுதி இது. ஒரு காலத்தில் கடை வாசல்தோறும் 'பூஜ்ய வட்டி' என்று பலகை தொங்கியது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டு, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லிவிட்டது. பின்னர் பலகையில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று வந்தது. இதன் இயக்கம் எளிது: வரப்போகும் வட்டி எவ்வளவோ அவ்வளவை விலையில் முன்னதாகவே தள்ளுபடி செய்துவிட்டு, பிறகு அதையே வட்டியாகச் சேர்த்து மாதாமாதம் வாங்கிக்கொள்வார்கள். கொடுத்ததும் வாங்கியதும் சரியாகப் போனதால் வட்டி இல்லை. ஆனால் அந்த இல்லாத வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. வட்டி 1,500 ரூபாய் என்றால் வரி 270 ரூபாய். இல்லாத ஒன்றின் மேல் இருக்கிற ஒன்று வசூலாவதை மாயாவாதிகள் ஆயிரம் ஆண்டுகளாக விளக்க முயன்றார்கள். ஒரு வங்கி ஸ்டேட்மென்ட் போதுமானதாக இருந்தது. கூடவே வரும் பிராசசிங் ஃபீ, முன்கூட்டியே கணக்கை முடித்தால் வரும் கட்டணம், செக் திரும்பினால் வரும் கட்டணம் ஆகியன எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பெட்டி

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம்.

போனை மாற்றுகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு, பேருந்தில் தொலைக்கிறவர்களும் உண்டு. போன் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டவர் தமிழ்நாட்டில் எவரும் இல்லை. பீரோவின் மேல், கொலு பொம்மைப் பெட்டிக்கும் பிடி அறுந்த சூட்கேசுக்கும் நடுவே அது இருக்கும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அதற்கடுத்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் அகழாய்வுக் குழிக்குரிய மண்ணடுக்குகள் அத்தனையும் தெளிவாகத் தெரியும்.

அடி அடுக்கு நோக்கியா காலத்தது. ஸ்ரீபெரும்புதூரில் அந்த ஆலை இயங்கியது 2006 முதல் 2014 வரை என்பதால் காலக்கணிப்பில் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு மேல் சைனா செட் அடுக்கு. தெருவே கேட்கும்படி பாட்டுப் பாடும் நாலு ஸ்பீக்கரும், பெட்டியின் மேல் யாரோ ஒரு நடிகையின் அனுமதியில்லாப் படமும் இக்காலத்தின் அடையாளங்கள். அடுக்கின் காலம் குறித்து எங்கள் வீட்டில் இன்றும் பூசல் உண்டு. 2011 என்கிறான் தம்பி. பெட்டியில் ஐஎம்இஐ எண் இல்லை, அந்த எண் இல்லாத செட்டுகளை 2009 டிசம்பரிலேயே அரசு முடக்கிவிட்டது, ஆகவே இது அதற்கு முந்தியது என்கிறார் அப்பா. தம்பியோ, பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சின்னவயதில் தானே உரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியதாகச் சொல்கிறான். சான்று சிதைந்தது இயற்கையாலா, ஆய்வாளராலா என்பது உலகெங்கும் உள்ள சிக்கல்தான்.

இதற்கு மேல் நெடுங்காலம் தடித்த பெட்டிகள். பிறகு திடீரென்று ஒரு மெலிவு. பெட்டியின் உயரம் பாதியாகிறது. பஞ்சமா, படையெடுப்பா என்று பலவாறு கருத இடமுண்டு என்றாலும் காரணம் பதிவாகியிருக்கிறது: 2020 அக்டோபரில் ஐபோன் 12 சார்ஜர் இல்லாமல் வந்தது. அதைக் கேலி செய்த சாம்சங், மூன்றே மாதத்தில் தன் கேலக்ஸி எஸ்21-ஐயும் சார்ஜர் இல்லாமல் கொண்டுவந்தது. வரலாற்றாசிரியர்கள் இதனை ஒல்லிப்பெட்டிக் காலம் என்று அழைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். கருத்தரங்குக் கட்டணம் கட்டி வந்திருப்பதால் இப்பெயரை எனக்கே உரியதாக்குமாறும் வேண்டுகிறேன்.

பெட்டியை ஏன் காக்கிறோம்? எக்ஸ்சேஞ்சுக்காக என்பது மரபான விடை. களத்தில் காண்பது வேறு. கடைப்பையன் போனை வாங்கியதும் முதலில் மஞ்சளேறிய பவுச்சைக் கழற்றுவான். உள்ளே மடித்து வைத்த இருபது ரூபாய் நோட்டும் ஒரு சாமி படமும் இருக்கும்; அவற்றை மட்டும் மரியாதையாக எடுத்துக் கையில் கொடுப்பான். பிறகு டிஸ்பிளேவை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பான். ஸ்டார் ஹேஷ் சைபர் ஆறு ஹேஷ் அடிப்பான். பதினைந்து இலக்க எண் வரும். 'பில் இருக்காண்ணா? பாக்ஸ் இருக்கா?' இருக்கு என்று பெருமிதத்தோடு பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் பெட்டியின் அடியை ஒரு பார்வை பார்ப்பான். திறக்கமாட்டான். மூலையில் இருக்கும் குவியலில் போடுவான். சொன்ன விலை சொன்னபடியே நிற்கும்.

இது குறித்து நூற்பா ஏதும் கிடைக்காததால் நானே ஒன்றை இயற்றினேன். பிற்காலத்தார் இதைச் சங்கம் மருவிய காலத்தது என்று கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

பில்லும் பெட்டியும் பிரியா தாயின்
நல்விலை பெறூஉம் நடுவயதுப் பேசி;
கீற்றொன் றுண்டெனின் பாதி, அன்றெனின்
பார்த்துச் செய்வம் என்மனார் கடையோர்.

முதல் உரைகாரரான கடைப்பையன், 'பெட்டி என்றது அட்டையை மட்டும் அன்று. உள்ளிருந்த சார்ஜரையும் தழுவிற்று' என்பார். மச்சான் அதை மறுத்து, ஒல்லிப்பெட்டிக் காலத்தில் தழுவுவதற்குச் சார்ஜர் ஏது என வினவுவார் (மச்சான், மேற்படி, டீ ஆறுவதற்கு முன்). மூன்றாம் உரைகாரர் என் மாமனார். அவர் இருவர் கூற்றையும் தள்ளி, 'பெட்டியில இருக்கிற நம்பரும் போன்ல வர்ற நம்பரும் ஒண்ணானு பாக்குறான். திருட்டு போன் இல்லேன்னு தெரிஞ்சுக்கத்தான்' என்றார் (மாமனார், ஞாயிறு மதிய உரை, மோர்சாதத்துக்குப் பின், சாய்வு நாற்காலிப் பதிப்பு, உரையாசிரியர் உறங்கிவிட்டதால் பிற்பகுதி கிடைக்கவில்லை, கிடைத்த பகுதியிலும் மிக்சி ஓடியதால் ஓரிரு சொற்கள் சிதைவு). இது சரியான விளக்கம். ஆகவே ஆய்வுலகம் இதைப் பொருட்படுத்துவதில்லை.

அப்படியானால் விற்ற பிறகும் சிலர் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கி வந்து மறுபடி பீரோ மேல் வைப்பது எதனால்? பொருள் போன பின்னும் உறையைக் காப்பது நம் பண்பாட்டின் தனிக்கூறு. உள்ளே ஒன்றும் இல்லாத ஒன்றை மேலட்டை கிழியாமல் முப்பது ஆண்டு பாதுகாக்க முடியும் என்பதற்கு எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவே சான்று. (இக்கட்டுரையில் பத்து விழுக்காடு வரை வேறு கட்டுரைகளோடு ஒத்திருக்கலாம். யுஜிசி 2018இல் வெளியிட்ட விதிகளின்படி அந்த அளவுக்குத் தண்டனை இல்லை.)

மேலாய்வுக்குரிய களங்கள்

சிம் ஊசி தேவைப்படும்போது ஏன் கிடைப்பதில்லை என்பது தனி ஏட்டுக்குரியது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளி ஆஃபருக்கும் இடையே போன் அடிக்கடி ஹேங் ஆவது ஏன் என்பது இன்னொன்று.

விற்காத போன்களின் வழித்தடத்தையும் யாரேனும் ஆராய வேண்டும். அது மகனிடமிருந்து அப்பாவுக்கு இறங்கும். அப்பாவுக்கு வேறொன்று வந்ததும் அம்மாவுக்கு இறங்கும். அம்மாவிடம் வரும்போது ஓரத்தில் ஒரு கீற்றும், தானாக மேலும் கீழும் ஓடும் டச்சும், சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஏறும் சார்ஜும் இருக்கும். அதற்குமேல் அது எங்கும் போகாது. தவணை தீர்ந்த பிறகும் பயன்பாட்டில் உள்ள கைபேசி என்று என் தரவில் அகப்பட்டது அது ஒன்றுதான். தகவலாளியை நேர்காணல் செய்தேன். 'போன் நல்லாத்தானேடா இருக்கு, எதுக்கு மாத்தணும்?' என்றார். முறையியல் அடிப்படை எதுவும் இல்லாத கூற்று என்பதால் ஆய்வில் சேர்க்கவில்லை.