நூறு வயது ஆகாத சாமான்கள்

என் கடையில் எந்தச் சாமானுக்கும் நூறு வயது ஆவதில்லை. ஐம்பது ஆகும், எழுபது ஆகும், நல்ல நாளாக இருந்தால் தொண்ணூறு வரை போகும். அங்கேயே நின்றுவிடும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதை எட்டிய கலைப்பொருள் தொல்பொருளாகிவிடுகிறது. என்னைப் போன்ற தனியாள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. சுவடி, கையெழுத்துப் பிரதி வகை என்றால் 75 வயதே போதும். இந்தப் பக்கம், எட்ஸி மாதிரித் தளத்தில் ‘விண்டேஜ்’ என்று போட வேண்டுமானால் பொருளுக்கு 20 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆக, இருபதுக்கும் நூறுக்கும் நடுவே கிடக்கும் எண்பது வருஷம்தான் என் பிழைப்பு.

நான் தொழில் பழகிய இடத்தில் கணக்கு வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழஞ்சாமானுக்குப் பேர்போனது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது மாமா கடை. மரவை, கல்சட்டி, வெற்றிலைச் செல்லம், சுவீடனிலிருந்து வந்த எனாமல் வாளி என்று எதைக் கையில் எடுத்தாலும் மாமா அதற்கு நூற்றைம்பது வயது சொல்வார். 1942-ல் பர்மாவை விட்டு வந்தபோது கப்பலில் ஏற்றி வந்தவை என்று அவர் காட்டிய தேக்குப் பெட்டிகளை எல்லாம் நிஜமாகவே ஏற்றியிருந்தால், கப்பல் ரங்கூன் துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும். அந்த வருஷம் பலர் நடந்தே வந்தார்கள் என்பது வேறு கதை. வாங்கியவர் சாமானைக் கையோடு எடுத்துப் போனார். வயது வாய்வார்த்தையோடு முடிந்தது. இன்றைக்குப் பார்சலில் போகிறது. வயதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

சந்தேகமான பொருளாக இருந்தால் ‘இது தொல்பொருள் அல்ல’ என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். கூஜா பழையதில்லை என்று அரசாங்கம் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க, மறுபக்கம் அதே கூஜாவுக்குப் பணம் கட்டியவர், “சார், நெஜமாவே பழசுதானே?” என்று ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி அனுப்புகிறார். இரண்டு தரப்பும் ஒரே சமயத்தில் சமாதானமாகிற சாமான் அபூர்வம். அடியில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்று அச்சிட்ட பீங்கான் கோப்பை அந்த ரகம். போரில் தோற்ற ஜப்பானை நேச நாடுகள் வைத்திருந்த காலத்து முத்திரை அது. 1945-க்கு முன்னால் இருக்க முடியாது, 1952-க்குப் பின்னால் இருக்க நியாயமில்லை. பிறந்த தேதியைத் தானே சொல்லிவிடுகிற அந்த மாதிரிச் சாமானைக் கண்டால் விலை பேசாமல் எடுத்துவிடுவேன்.

பார்சல் கட்ட மாமா சொல்லிக் கொடுத்தது 1980-களின் கடைசியில். பித்தளைச் சாமானுக்கு உள்ளே வைக்கோல், வெளியே பழைய பேப்பர், அதற்கு மேல் கோணி. வெளியூருக்குப் போகிற நல்ல சாமான் என்றால் மரப்பெட்டி. பெட்டிக்கு மேல் காடாத் துணி. அந்தத் துணியைக் கோணி ஊசியால் தைக்க வேண்டும், தையல் நெருக்கமாக இருக்க வேண்டும், தையல் ஓடுகிற வழியெல்லாம் விட்டுவிட்டு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்த வேண்டும். விலாசத்தைத் துணியின் மேலேயே எழுதுவோம், நாக்கில் தொட்டு எழுதுகிற ஊதாப் பென்சிலால். எழுதி முடிக்கும்போது மாமாவின் உதடும் ஊதாவாகியிருக்கும்.

இன்ஷூர் பண்ணுகிற பார்சலுக்கு முத்திரை பற்றித் தனி விதி இருந்தது. காசை வைத்து அழுத்தக் கூடாது. காசு எல்லாரிடமும் இருக்கிறது, வழியில் பிரிப்பவனும் அதையே வைத்து மறுபடி குத்திவிடலாம். அனுப்புகிறவருக்கே உரிய அடையாளம் வேண்டும். மாமா பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரிடம் போய்த் தன் இனிஷியலைப் பித்தளையில் தலைகீழாக வெட்டி வாங்கி வந்தார். தபாலாபீஸ் கௌண்டரில் இருந்தவர் பார்சலை நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். “தம்பி, இந்த மூலையில அரக்கு விட்டுப் போச்சே.” வீட்டுக்கு வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த மூலைக்கு அரக்கு வைத்துக்கொண்டு மறுபடி போவேன்.

வாங்குகிற ஆள் எதையுமே கேட்டதில்லை. படம் பார்த்திருக்க மாட்டார். ‘பித்தளைச் செம்பு, நடுத்தரம், கனம்’ என்று போஸ்ட் கார்டில் நாங்கள் எழுதிய நாலு வார்த்தைதான் அவர் அறிந்தது. வி.பி.பி.யில் அனுப்புவோம். தபால்காரர் வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுப்பார். பணம் எங்களுக்கு மணியார்டராக வரும். வாசலில் பணம் கொடுக்கிற இந்த ஏற்பாட்டை ‘கேஷ் ஆன் டெலிவரி’ என்று பேர் மாற்றிப் புதுக் கண்டுபிடிப்பாக விளம்பரம் செய்தபோது, வெள்ளைக்காரன் காலத்துத் தபால்காரர் யாராவது மேலிருந்து சிரித்திருப்பார். பணம் வந்து சில நாள் கழித்து ஒரு கார்டும் வரும். “செம்பு வந்து சேர்ந்தது. அடியில் சிறு நசுங்கல். ஈயம் பூசி உபயோகித்துக் கொள்கிறோம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?” நசுங்கலுக்கும் சௌக்கியத்துக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளிதான் இருந்தது. இப்போது அதே நசுங்கல், விற்பனைப் படத்தில் தெரிந்தால் ‘கேரக்டர்’. படத்தில் தெரியாமல் பெட்டியைப் பிரிக்கும்போது தெரிந்தால் ‘டேமேஜ்’. செம்பில் தண்ணீர் குடிப்பவர்கள் எழுதிய கார்டுகள் அவை. இன்றைக்கு வாங்குகிறவர்கள் அதில் மணிபிளான்ட் வைக்கிறார்கள்.

புத்தகம் அனுப்புவது இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்து வீடுகளில் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வன், மணியம் படங்களோடு அப்படியே பைண்டாகி எத்தனையோ பரண்களில் கிடந்தது. அதையெல்லாம் புக் போஸ்ட்டில் அனுப்புவோம். சலுகைக் கட்டணம். நிபந்தனை: உறையின் முனை திறந்திருக்க வேண்டும், உள்ளே கடிதம் இருக்கக் கூடாது. தபால் ஊழியர் எப்போது வேண்டுமானாலும் உருவிப் பார்க்கலாம். வாய் திறந்தபடியே அந்தப் பொட்டலங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. இப்போது அதே பைண்டை ஷ்ரிங்க் ராப், பபிள் ராப், அட்டைப்பெட்டி, பழுப்பு டேப் என்று ஏழு கவசம் போட்டு அனுப்புகிறேன். எடை போடுகிற பையன் உள்ளே என்ன என்றுகூடக் கேட்பதில்லை. அன்றைக்கு எங்களைச் சந்தேகப்பட்டது கௌண்டர். இன்றைக்கு அந்த வேலையை வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதற்காகத்தான் வீடியோ. நான் கட்டுவதை என் மகள் எடுக்கிறாள், வாங்கியவர் பிரிப்பதை அவர் வீட்டில் ஒருவர் எடுக்கிறார். பெட்டி ஒட்டுவதற்கு முன் சாமானை விளக்கு வெளிச்சத்தில் முழுதாகச் சுற்றிக் காட்ட வேண்டும், தட்டிக் காட்ட வேண்டும், தராசில் வைத்துக் காட்ட வேண்டும். “அப்பா, கேமராவைப் பாக்காதீங்க, கூஜாவைப் பாருங்க” என்பாள். இடையில் வெட்டு விழுந்தால் செல்லாது. அரக்கு வேலையை இப்போது செல்போன் செய்கிறது என்று மகள் சொன்னாள். யோசித்தால் சரிதான், ஆனால் அரக்குக்கு நான் தலை சீவிக்கொண்டதில்லை.

எடைக் கணக்கு மட்டும் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. தராசு சொல்வதுதான் எடை என்று நம்பி வளர்ந்தவன் நான். கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருகிற எண்ணையும் தராசு எடையையும் பக்கத்தில் வைத்து, எது பெரிதோ அதற்குக் கூலி கேட்பது வழக்கம். இரண்டு கிலோ பித்தளைச் செம்பு சின்னப் பெட்டியில் இரண்டு கிலோவாகவே போய்விடும். ஒரு கிலோகூட வராத பனையோலைப் பெட்டியை நசுங்காமல் வைக்க 40-க்கு 40-க்கு 35 அளவில் அட்டைப்பெட்டி எடுத்தால், கணக்கில் அது 11.2 கிலோ. பத்து கிலோ காற்றுக்கு வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார். அதைவிட விசேஷம், அந்த ஓலைப்பெட்டியே ஒரு பேக்கிங் சாமான்தான். சீர்முறுக்கும் அதிரசமும் ஊருக்கு ஊர் போனது அதில்தான். போய்ச் சேர்ந்ததும் பரணில் எறிந்துவிடுவார்கள். எறிந்த பெட்டியை இப்போது பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறோம்.

பேர் விஷயத்தில் உலகம் அப்படியே தலைகீழாகிவிட்டது. நம் வீடுகளில் சீர் சாமான் ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருப்பார்கள், புள்ளி புள்ளியாக: இனிஷியல், பெண்ணின் பேர், சில சமயம் தேதி. மாமா காலத்தில் அது பெரிய தலைவலி. இன்னொருத்தர் பேர் போட்ட தாம்பாளத்தில் யார் தாம்பூலம் வைப்பார்கள்? விற்றவர்களுக்கும் அது வெளியே தெரியக் கூடாது. உப்புத்தாளைத் தேய்த்துத் தேய்த்துப் பேரை எடுப்பது என் வேலை. கை விரலெல்லாம் பச்சையாகிவிடும். இன்றைக்குப் பேர் இருந்தால் விலை கூட. “மீனாட்சி ஆச்சின்னு போட்டிருக்கே, அவங்க யாரு, ஸ்டோரி கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். வீட்டை இடிக்கும்போது மொத்தமாக எடைக்கு வாங்கியவனிடமிருந்து நான் எடைக்கு வாங்கினேன் என்பதுதான் ஸ்டோரி. மகள் அதை எழுதவிடுவதில்லை. பேர் இல்லாத தாம்பாளம் வந்தால், நான்தான் ஒரு காலத்தில் தேய்த்துவிட்டேனோ என்று சாய்த்துப் பார்க்கிறேன்.

கடல் தாண்டுகிற பார்சலுக்கு வேறு சோதனை. 800 டாலர் வரையிலான சாமானுக்குச் சுங்கவரி கிடையாது என்ற சலுகையை 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா எடுத்துவிட்டது. அதையொட்டி நம் தபாலில் அந்த நாட்டுக்குப் பார்சல் எடுப்பது நின்றது. நியூ ஜெர்சியில் ஒரு அம்மா தீபாவளிக்காகப் பித்தளை முறுக்கு அச்சு கேட்டிருந்தார். கதவு மறுபடி திறந்தது அக்டோபர் 15-ல், தீபாவளி 20-ல். “பரவாயில்லை அண்ணா, முறுக்கு கடையில் வாங்கிவிட்டேன், அச்சு ஷோகேசுக்குத்தான்” என்று எழுதினார். அந்த நேரம்தான் இங்கே பதிவுத் தபாலையும் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், செப்டம்பர் 1 முதல். பதிவுத் தபாலில் கையெழுத்தோடு திரும்பி வருகிற ஒப்புகை அட்டையை வாரக்கணக்கில் எதிர்பார்த்தவன் நான். இப்போது ஒப்புகைக்கு என்ன அவசியம். பெட்டி நாக்பூரில் நிற்கிறது என்று எனக்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தெரிகிறது. ஏன் நிற்கிறது என்று என்னைக் கேட்கிறார், நான்தான் அதைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி.

பேப்பருக்கும் பஞ்சம் வந்துவிட்டது. முன்பெல்லாம் பழைய பேப்பர் வீட்டில் மலையாகக் கிடக்கும். இப்போது எங்கள் தெருவில் பேப்பர் போடுகிற வீடு ஒன்றிரண்டுதான். எடைக்கு எடுக்கிற கடையில் நானே விலை கொடுத்து வாங்கி வருகிறேன், ஏனென்றால் ‘பிளாஸ்டிக் இல்லாத பேக்கிங்’ வேண்டும் என்பவர்கள் கூடிவிட்டார்கள். அதிலும் ஒரு லாபம் கண்டேன். டொரொண்டோவுக்கு அனுப்பிய எனாமல் தட்டுகளைப் பற்றி வாங்கியவர் ஒரு வரிதான் எழுதினார். சுற்றியிருந்த தினத்தந்தியைப் பற்றி முக்கால் பக்கம். கசங்கலை நீவிக் கன்னித்தீவைத் தேடினாராம். பாதிப் படம் இன்னொரு தட்டில் இருந்ததாம்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர், கல்யாணப் பரிசுக்கு ஒரு வெற்றிலைச் செல்லம் கேட்டார். “அங்கிள், அந்தக் காலத்து மாதிரி துணி தைத்து, அரக்கு வைத்து அனுப்ப முடியுமா? சார்ஜ் எவ்வளவானாலும் ஓகே.” நான் யோசிப்பதற்குள் மகள் ‘ஹெரிட்டேஜ் பேக்கிங் 350 ரூபாய்’ என்று விலைப்பட்டியலில் ஏற்றிவிட்டாள். காடாத் துணி உள்ளூரில் கிடைத்தது. அரக்கு கிடைக்கவில்லை, ஆன்லைனில் வரவழைத்தோம், மூன்று சுற்று பபிள் ராப்பில் வந்தது. மாமாவின் முத்திரையைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தைத்து, உருக்கி, குத்தி, ஒரு மூலையையும் விடாமல் எடுத்துக்கொண்டு கூரியர் ஆபீசுக்குப் போனால், பார்கோடு ஸ்டிக்கர் துணியில் ஒட்டவில்லை. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கள் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து, மொத்தத்தையும் அதற்குள் தள்ளி, சுற்றி டேப் அடித்து, அதன் மேல் ஒட்டினான்.

போய்ச் சேர்ந்தது. பிரிக்கிற வீடியோவையும் போட்டிருந்தார்கள். கவரைக் கிழித்து எறிந்த பிறகு, பத்து நிமிஷம் துணியையும் தையலையும் அரக்கையும் காட்டிவிட்டு, கடைசியில் செல்லம் அரை நிமிஷம் தலைகாட்டியது. கீழே, அந்தத் துணிக் கவர் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பலர் கேட்டிருந்தார்கள். கிடைக்கும் என்று மகள் பதில் போட்டுவிட்டாள். ஆர்டரும் வந்திருக்கிறது. தைத்து அரக்கு வைத்த பொட்டலம்தான் வேண்டுமாம், பிரிக்கப் போவதில்லையாம். உள்ளே எதை வைத்துத் தைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.