கூவத்துக்குப் பட்டா

நடுநகரத்துக்குப் புத்துயிர் ஊட்ட வேண்டும் என்று யாராவது மேடையில் முழங்கினால், எனக்குச் சிந்தாதிரிப்பேட்டை ஞாபகம் வந்துவிடும். 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சென்னையில் கூவம் ஆறு வளையும் இடத்தில் உண்டாக்கிய நெசவாளர் குடியிருப்பு அது. சின்னத் தறிப் பேட்டைதான் வாயில் அரைபட்டு இப்படி ஆனது என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும். ஆகவே தறிக்காரர்களைத் தேடிப் பிடித்து, கோட்டைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்துக் குடிவைத்தார்கள். வெள்ளைக்காரன் தருமம் செய்யவில்லை. வேலைக்காரன் பக்கத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற கணக்கு மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நம் கணக்கு வேறு. கூவக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை 20 கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று லாரியில் ஏற்றி அனுப்பினோம். பெரும்பாக்கத்தில் எட்டடுக்கு மாடி, லிப்ட் எல்லாம் உண்டு. (லிப்ட் ஓடுகிறதா என்று கேட்பது நாகரிகமில்லை.) பாத்திரம் தேய்க்கிற வீடும் மீன் கூடை இறக்குகிற சந்தையும் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்து அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

காலியான கரையில் வேலி போட்டுச் செடி நட்டாயிற்று. இனி அங்கே காலாற நடக்கலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு. அத்தனை பேரையும் கிளப்பிய பிறகும் அந்த வாசனை மட்டும் பட்டா வாங்கியதுபோல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.