காலகனுக்குத் தொண்டை கட்டியிருந்தால்...

இங்கிலாந்தின் விமான மாடல் கிளப்புகளில் இப்படி ஒருவரைத் தவறாமல் பார்க்கலாம். மற்றவர்கள் ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை ஒட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் சரித்திரத்தையே கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். ‘இப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்கும் ‘வாட்-இஃப்’ ஆசாமி.

இவருடைய இஷ்ட தெய்வம் டிஎஸ்ஆர்-2 குண்டுவீச்சு விமானம். 1964 செப்டம்பர் 27 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தமே 24 முறைதான். 1965 ஏப்ரல் 6 அன்று நிதியமைச்சர் ஜேம்ஸ் காலகன் பட்ஜெட் உரையில் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டார். காலகன் பெயரை எடுத்தால் இவர் முகம் இன்றைக்கும் சிவக்கும்.

இவர் எழுதும் சரித்திரத்தில் அன்று காலகனுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. விமானம் பிழைக்கிறது. 1982-இல் ஃபாக்லாந்துப் போருக்கே போகிறது! நிஜத்தில் அங்குள்ள போர்ட் ஸ்டான்லியில் ஒரு வல்கன் விமானம் குண்டு போட்டுவர, வழிநெடுக எரிபொருள் ஊட்ட 11 விக்டர் டேங்கர்கள் தேவைப்பட்டன. “உங்கள் விமானத்துக்கு எத்தனை சார்?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு பெயிண்டுக்குத் தாவிவிடும்.

பெயிண்டில்தான் மனிதர் அரிச்சந்திரன். 72-இல் ஒரு பங்கு அளவு மாடல். தண்ணீரில் ஊறிய டெக்கால் ஒட்டுப்படத்தைத் தூரிகை நுனியால் நகர்த்தி, மூச்சை அடக்கி, இறக்கையில் உட்காரவைப்பார். விமானப்படை வட்டச் சின்னத்தில் சிவப்பும் நீலமும் மட்டும். நடுவில் வெள்ளை எங்கே என்று யாராவது கேட்டால் துள்ளுவார்: “1982 சண்டை விமானத்தில் வெள்ளையா? கதை விடாதீர்கள்!” வால் பக்க எண் எக்ஸ்எஸ்665. அதையும் சும்மா போடவில்லை. ஆர்டர் கொடுத்து, கட்டாமல் விட்ட வரிசையில் தேடி எடுத்தது.

நிஜ டிஎஸ்ஆர்-2-க்கு ஆரம்பத்தில் சக்கரம் உள்ளே மடங்கவே அடம்பிடித்தது. அதன் இன்ஜின் ஒன்று 1962-இல் பரிசோதனையின்போதே வெடித்தது. படையில் சேர்ந்திருந்தால் இன்னும் என்னென்ன வண்டவாளம் வெளியே வந்திருக்குமோ! சேராததால் இவர் மேசையில் அது இன்றுவரை ஒரு குறையும் இல்லாத விமானம். அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் காலகன்தான். ஆனால் இதை நம் வாட்-இஃப் ஆசாமியிடம் சொல்லிவிடாதீர்கள். பசை காயும்வரை திட்டுவதற்கு ஆள் வேண்டாமா?