முட்டிக்குப் பின்னால் யார்?

லிகமென்ட் கிழிந்துவிட்டது. துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோபியில் ரத்தக்குழாய் அறுபடுமா? – கபடி ஆடிய கால், திண்டுக்கல்

மிக அபூர்வம். எந்த லிகமென்ட் என்று சொல்லவில்லையே! முன்பக்கத்து ஏ.சி.எல். என்றால் நிம்மதியாகப் படுங்கள். பின்பக்கத்து பி.சி.எல். என்றால் சர்ஜனுக்குக் கொஞ்சம் வியர்க்கும். கீழ்க்கால் எலும்பில் போடும் துளை பின்னால் வெளிவரும் இடத்தை ஒட்டியே பாப்ளிட்டியல் தமனி ஓடுகிறது. காலுக்கு ரத்தம் போகும் ராஜபாட்டை அது. முட்டியை 90 டிகிரி மடக்கித் துளைத்தால் தமனி பெரும்பாலும் சற்றே ஒதுங்கிக்கொள்ளும். மரியாதை தெரிந்த தமனி.

தொடையில் பட்டை கட்டி இறுக்குகிறார்களே, எதற்கு? – பயந்தவன்

ரத்தம் நின்றால்தான் கேமராவில் படம் தெரியும். சுமார் 2 மணி நேரம் வரை கட்டலாம். வில்லங்கம் என்னவென்றால், தமனியில் கீறல் விழுந்திருந்தாலும் பட்டை இருக்கும்வரை அது மூச்சுவிடாது. அவிழ்த்த பிறகுதான் வாக்குமூலம்.

தோள்பட்டை ஆபரேஷனிலும் கட்டுவார்களா? – பந்துவீச்சாளர்

எங்கே கட்டுவது, கழுத்திலா? போலீஸ் வரும். உப்புநீரைப் பம்ப்பில் அழுத்தி, அதில் துளி அட்ரினலின் கலந்து, ரத்த அழுத்தத்தையும் சற்றுக் குறைத்துச் சமாளிக்கிறார்கள். நோயாளி பெரும்பாலும் சாய்ந்து உட்கார்ந்த நிலை. கையில் காட்டும் பிரஷர் மேலே மூளையில் இருக்காது, அதைவிடக் குறைவு. அதனால் இந்தப் படத்தில் ஹீரோ சர்ஜன் அல்ல, மயக்க மருத்துவர்.

முட்டித் தமனி கிழிந்து பிரபலங்கள் யாராவது மாட்டியிருக்கிறார்களா? – வம்பு விரும்பி

ஸாக் மில்லர், அமெரிக்கன் ஃபுட்பாலில் சிகாகோ பேர்ஸ் அணி. 2017 அக்டோபர் 29, நியூ ஆர்லியன்ஸ். பந்தைப் பிடித்து விழுந்ததில் இடது முட்டி விலகி, தமனி கிழிந்தது. அன்றே அவசர ஆபரேஷன். வலது காலின் சிரையை எடுத்து ஒட்டுப்போட்டார்கள். கால் பிழைத்தது. டச் டவுன்தான் பிழைக்கவில்லை. ரீப்ளே பார்த்துச் செல்லாது என்றுவிட்டார்கள்.

கை மரத்துப்போகிறது என்றால் நடிப்பு என்கிறார் கோச். – சந்தேகத்துக்குரியவன்

1980. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் வீரர் ஜே.ஆர். ரிச்சர்டும் இதையே சொன்னார். சோம்பேறி என்று எழுதினார்கள். ஜூலை 30, பயிற்சியின்போது பக்கவாதம், ரத்தக்கட்டி. எழுதியவர்கள் என் ஜாதி, பத்திரிகைக்காரர்கள். கோச்சிடம் இதைக் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மாமனாருக்கு முட்டி ஆபரேஷனில் ரத்தம் உறையாதிருக்க ஊசி. எனக்கு இல்லையே? – மாப்பிள்ளை

அவருக்கு மூட்டையே மாற்றியிருப்பார்கள். உங்களுக்குத் துளை போட்டு எட்டிப்பார்த்ததோடு சரி. நெதர்லாந்தில் ஆர்த்ராஸ்கோபி செய்தவர்களில் பாதிப்பேருக்கு 8 நாள் ஹெப்பாரின் ஊசி போட்டுப் பார்த்து, 2017இல் முடிவு சொன்னார்கள்: பெரிய வித்தியாசமில்லை. முன்பே ரத்தக்கட்டி வந்தவர், புற்றுநோயாளி, கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் கணக்கு வேறு. டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மாமனாரிடம் இருப்பதெல்லாம் தனக்கும் வேண்டும் என்பது வரதட்சணைப் புத்தி.

வீட்டுக்கு வந்தபின் எப்போது பயப்படலாம்? – இல்லத்தரசி, கட்டுப்போட்ட கணவருடன்

பாதம் சில்லிட்டு வெளுத்தால். விரல் மரத்தால். மாத்திரைக்கு அடங்காமல் வலித்தால். முட்டிக்குப் பின்னால் வீக்கம் துடித்தால். கெண்டைக்கால் வீங்கினால். மூச்சு வாங்கினால் யோசிக்கவே வேண்டாம், 108. ரத்தம் நின்ற கால் தாங்குவது சுமார் 6 மணி நேரம். அந்த நேரத்தில் எனக்குக் கேள்வி எழுதாதீர்கள். பதில் அடுத்த வாரம்தான் வரும்.