மூக்கால் அழுதலும் அதன் உட்பிரிவுகளும்: ஒரு தொழிற்பேட்டை ஆய்வு

1. ஆய்வின் தேவை

அழுகைக்கே இலக்கணம் கண்ட மொழி நம்முடையது. தொல்காப்பியர் அதை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணங்களும் சொல்லிவிட்டுப் போனார். ஓ.டி. காசு வராததால் வரும் அழுகை இந்த நான்கில் எதில் சேரும் என்று அவர் சொல்லவில்லை. சிதம்பரத்தில் 1929-இலிருந்து பல்கலைக்கழகம் நடக்கிறது. அங்கே இசைக்குத் துறை உண்டு, முனகலுக்குக் கிடையாது. இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

2. ஆய்வுக்களம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றை ஒட்டிக் கிடக்கும் சிப்காட் தொழிற்பேட்டை. பக்கத்து ஊர்களில் ஒன்றின் பெயரே சங்கொலிக்குப்பம் என்பதால் களத்தேர்வுக்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை. சட்டமும் சாதகமாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல் வரை போகலாம். குடியிருப்பில் 55 தான். அதாவது பேட்டைக்குள் தாராளமாகப் புலம்பலாம். வீட்டுக்குப் போனதும் அடக்கி வாசிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் 45.

3. வகைப்பாடு

முணுமுணுப்பு: உதடு அசையும், யார் மேல் குறை என்பது மட்டும் கேட்காது.
சிணுங்கல்: கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சமிருப்பது.
புலம்பல்: அந்த நம்பிக்கை போன பிறகு வருவது.
அங்கலாய்ப்பு: அடுத்தவனுக்குக் கிடைத்ததைக் கண்டு வருவது. போனஸ் மாதத்தில் அதிகம்.
மூக்கால் அழுதல்: கண்ணில் நீர் இராது, குரலில் மட்டும் ஜலதோஷம்.
தொணதொணப்பு, நைநை: பொருள் ஒன்றே, முன்னதற்கு வாய் வலிக்கும், பின்னதற்குக் காது.
கீச்சுக்குரல்: மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் மிகக் கூர்மை. கீச்சிடுபவர் அறிந்தோ அறியாமலோ அங்கேயே குறி வைக்கிறார்.
குய்யோ முறையோ: மேற்கண்ட அனைத்தும் ஒரே நேரத்தில்.

4. முதன்மைக் கண்டுபிடிப்பு

ஷிப்ட் மாறும் நேரத்து டீக்கடையில் ஒரே ஒரு கிழிந்த கிளவுஸைப் பின்தொடர்ந்ததில் தெரியவந்தது இது. "கிளவுஸ் கிழிஞ்சுபோச்சு சார், வேற குடுங்க" என்று காண்ட்ராக்ட் தொழிலாளி கேட்டால், "காலைலேருந்து நைநைங்கிறான்" என்கிறார் சூப்பர்வைசர். அதையே நிரந்தரத் தொழிலாளி கேட்டால் "புலம்புறாரு". சங்கத்துக்காரர்கள் சேர்ந்து கேட்டால் "கூச்சல் போடுறானுங்க". சூப்பர்வைசரே போய் மேனேஜரிடம் சொன்னால் "எடுத்துச் சொன்னார்". மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் "கவலை தெரிவித்தார்". கிளவுஸ் அதே கிளவுஸ், ஓட்டை அதே ஓட்டை. எனவே குரலின் வகை தொண்டையில் பிறப்பதில்லை. சொன்னவர் சம்பளச் சீட்டில் பிறக்கிறது என்பது நிறுவப்படுகிறது. பெண்களுக்குத்தான் கீச்சுக்குரல் என்ற பரவலான கருத்தும் இதனால் அடிபடுகிறது: இன்க்ரிமென்ட் நின்ற ஆணின் குரல் எத்தனை கட்டை ஏறும் என்பதை அளந்தவர் எவருமில்லை.

5. ஒரு விதிவிலக்கு

இப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இந்தச் சிக்கலை 2004 வாக்கிலேயே வேறு வழியில் தாண்டினார்கள். "நாறுது" என்று எத்தனை முறை சொன்னாலும் அது புலம்பலாகவே காதில் விழுந்தது. ஆகவே நாற்றத்தைப் பிரித்து எழுதத் தொடங்கினார்கள்: எந்த இடம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், அழுகிய முட்டையா வேறொன்றா என்று. வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். தாளில் ஏறிய புகாருக்குக் குரல் இல்லை. குரல் இல்லாததை நைநை என்று தள்ளவும் வழியில்லை. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடின் அடையாளம் என்பதை வேதியியல் ஒப்புக்கொள்கிறது. மூக்கால் அழுவதைவிட மூக்கால் மோந்து எழுதுவது மேல் என்பது இதிலிருந்து பெறப்படும் விதி.

6. முடிவும் பரிந்துரையும்

தொணதொண, முணுமுணு, நைநை எல்லாம் இரட்டைக்கிளவி. பிரித்தால் அந்தப் பொருள் தராது. புகாரின் இலக்கணமும் இதுவே. ஒரு தடவை சொன்னால் பொருளே இல்லை, "பார்க்கலாம்" என்பார்கள். இரண்டாம் தடவை சொன்னால் பொருள் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பொருள் "நைநை".

ஆகவே, புகார்ப் பதிவேட்டில் "சொன்னவர் பெயர்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "கேட்டவர் பெயர், பதவி, எத்தனையாவது முறை கேட்கிறார்" என்று மூன்று கட்டங்கள் போட வேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. இதை ஏற்கெனவே ஒருமுறை வாய்மொழியாகச் சொல்லியாயிற்று. பார்க்கலாம் என்றார்கள்.