சிக்கன் 65-ன் கடைசித் துண்டு: ஒரு விசாரணை

சென்னையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பழைய மகாபலிபுரம் சாலையிலோ தி.நகரிலோ அண்ணா நகரிலோ ஏதாவது ஓர் உணவகத்துக்குள் நுழைந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் மேஜையைக் கவனியுங்கள். நடுவில் ஒரு தட்டு. அதில் பொரித்த கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், வட்டமாக அரிந்த வெங்காயம், யாரும் பிழியாத எலுமிச்சைத் துண்டு. இவற்றுக்கு மத்தியில் ஒரே ஒரு சிக்கன் 65. ஆறு பேரும் அப்ரைசலைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் பேசுகிறார்கள். யாரும் அந்தத் துண்டைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோருமே கொஞ்சம் சிரமப்படுகிறார்கள். பிரியாணி வருகிறது, தயிர்ப் பச்சடி வருகிறது, துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இது ஏன் மிஞ்சுகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். விட்டுக்கொடுக்கும் குணம், நம் பண்பாடு என்று ஒரு விடை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அந்த விடை தவறு. கடைசித் துண்டு மிஞ்சுவதற்கு அன்பு காரணமில்லை. அந்த மேஜையில் தின்றவர் யார் என்று அத்தனை பேருக்கும் தெரியப்போகும் ஒரே பண்டம் அதுதான், அதனால் மிஞ்சுகிறது.

முதலில் வரலாறு. தமிழர் சாப்பாட்டு முறையில் கடைசித் துண்டு என்ற ஒன்று நெடுங்காலம் இருந்ததாகத் தெரியவில்லை. இலை அவரவர்க்குத் தனி. எச்சில் என்ற கருத்து ஒவ்வோர் இலைக்கும் போட்டுவைத்திருக்கும் வேலி, எந்தப் பட்டா நிலத்து வேலியையும்விட உறுதியானது. பரிமாறுகிறவர் வாளியோடு வருகிறார், உங்கள் இலையில் வைக்கிறார், போகிறார். வாளியில் எவ்வளவு மிச்சம் என்பது சாப்பிடுகிறவரின் கவலை அல்ல. அப்பளம்கூட எண்ணி வைக்கப்படுகிறதே ஒழிய நடுவில் குவித்துவைத்து யார் முந்துகிறார் என்று பார்க்கப்படுவதில்லை. திருக்குறளின் 9-ஆம் அதிகாரம் விருந்தோம்பல். அந்தப் பத்துக் குறள்களின் உலகில் விருந்தினர் உண்டு, அவரைப் பேணுகிறவர் உண்டு. விருந்தினரும் இல்லாமல் விருந்தளிப்பவரும் இல்லாமல் ஜிபேயில் சமபங்கு போடும் ஆறு பேருக்கு அங்கே இடமில்லை. வள்ளுவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் காலத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது.

நடுத்தட்டு வந்தது பிற்காலத்தில். அண்ணா சாலையில் 1951-ல் தொடங்கிய புகாரி ஓட்டல், 1965-ல் சிக்கன் 65-ஐத் தான் அறிமுகப்படுத்தியதாகச் சொல்கிறது. பெயருக்கு 65 நாள் கோழி, 65 மிளகாய் என்றெல்லாம் வேறு விளக்கங்கள் உலவினாலும் ஓட்டல் தரப்புக் கதையே நிலைத்திருக்கிறது. பம்பாயில் நெல்சன் வாங் 1975-ல் ஆக்கியதாகச் சொல்லப்படும் சிக்கன் மஞ்சூரியன் நாடெங்கும் பரவி, காலிஃபிளவரையும் பிடித்துக்கொண்டு, சைவ மேஜைகளுக்கும் இந்தச் சிக்கலைக் கொண்டுவந்தது. தரமணியில் 2000-ல் டைடல் பார்க் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் முளைத்தன. சொந்தமும் இல்லாமல் நெருங்கிய நட்பும் இல்லாமல், ஆனால் திங்கட்கிழமை மறுபடி முகத்தில் விழித்தாக வேண்டிய மனிதர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போகும் வழக்கம் பெருகியது. எண்ணக்கூடிய பண்டம், பொதுத் தட்டு, பாதி பழகிய மனிதர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் கடைசித் துண்டு பிறக்கிறது. இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அது பிறப்பதில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

இனிக் கணக்கு. ஆறு பேர், பத்துத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று, யாருக்கும் குறையில்லை. மீதி நான்கு. ஒருவருடைய நியாயமான பங்கு ஒன்றே முக்கால் துண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே இரண்டாவது துண்டை எடுக்கிற எவரும், கறாராகப் பார்த்தால், அடுத்தவர் பங்கில் கை வைக்கிறார். ஆனால் ஏழாவது துண்டும் எட்டாவது துண்டும் ஒன்பதாவது துண்டும் எந்தச் சலனமும் இல்லாமல் போய்விடுகின்றன. பேச்சு நடுவே ஒரு முட்கரண்டி வருகிறது, போகிறது. எடுத்தவர் யார் என்று கேட்டால் பக்கத்திலிருப்பவருக்கே சொல்லத் தெரியாது. பத்தாவது துண்டில்தான் மேஜை முழுக்க ஒழுக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்தாவதை எடுக்கப்போகிறவர் ஏழாவதை எடுத்தவரைவிட ஒரு குன்றிமணி எடைகூட அதிகக் குற்றவாளி இல்லை. இருவரும் எடுப்பது இரண்டாவது துண்டுதான். ஆனால் ஏழாவதை எடுத்தவர் தட்டில் இன்னும் மூன்றை விட்டுச்செல்கிறார், அந்த மூன்றும் அவருக்கு மறைப்பு. பத்தாவதை எடுப்பவர் விட்டுச்செல்வது வெறும் கறிவேப்பிலை. முன்னால் மூன்று பேர் எடுத்த கூடுதல் பங்கின் பழியையும் சேர்த்து அவரே சுமக்க வேண்டும். இந்தத் தண்டனைக்கு அஞ்சித்தான் கைகள் மடியிலேயே இருக்கின்றன. விட்டுக்கொடுக்கும் குணம்தான் காரணம் என்றால் அது ஏழாவது துண்டிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும்.

இதற்குப் பொருளியலில் வலுவான ஆதாரம் உண்டு, அதுவும் ஆறு பேர் மேஜையிலிருந்தே. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் உணவகத்தில் யூரி நீஸி என்ற பொருளியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஆறு ஆறு பேராக உட்காரவைத்துச் சோதித்து, முடிவுகளை 2004-ல் வெளியிட்டார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டியபோது தலைக்குச் சராசரியாக 37 ஷெக்கல் ஆனது. பில்லைச் சமமாகப் பங்கிடுவது என்று முன்கூட்டியே சொன்னபோது அது 51 ஷெக்கலாக ஏறியது. அதாவது செலவு ஆறாகப் பிரியும் என்று தெரிந்தால் மனிதன் கூடுதலாக ஒரு பண்டம் சொல்லத் தயங்குவதில்லை. அதே சமபங்கு முறையில் அதே வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் நம் ஆறு பேர், இருபது நிமிடத்துக்கு முன் “ஒரு பிளேட் இறாலும் சொல்லிடலாமா?” என்று கேட்டவர்கள், இப்போது ஒரு கோழித் துண்டின் முன் துறவிகளாகிவிடுகிறார்கள். ஆர்டர் சொல்லும்போது இருந்த பேராசை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஆர்டரில் அது பொதுக் கணக்கில் கரைந்துவிடுகிறது; கடைசித் துண்டில் அதற்கு ஆள் பெயர் ஒட்டிவிடுகிறது. பொதுச் சொத்தை எல்லோரும் மேய்ந்து அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968-ல் எழுதினார். அப்படி அழிவது விதியல்ல, தமக்குள் கண்காணிக்கும் ஏற்பாடு இருந்தால் மக்கள் பொதுச் சொத்தைக் காப்பாற்றுவார்கள் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் மீன்பிடித் துறைகளையும் பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்தார். சென்னை டீம் லஞ்சை ஆராய்ந்திருந்தால் ஒரு மதியத்திலேயே முடிவுக்கு வந்திருக்கலாம்: பன்னிரண்டு கண்கள் பார்க்கும் ஒற்றைத் துண்டு அழிவதில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். வயிறு நிறைந்துவிட்டது, அதனால்தான் எடுக்கவில்லை என்பார்கள். ஸ்டார்ட்டர் முடியும் நேரத்தில் பிரியாணி இன்னும் அடுக்களையை விட்டே கிளம்பவில்லை. நிறைந்த வயிறு எப்படி அதை ஏற்கும்? இதைவிட நல்ல பதில் சூப்பில் இருக்கிறது. நம் ஊரில் சூப்பை ‘ஒன் பை டூ’ என்று சொல்லி வாங்குகிறோம். ஒரு சூப் உள்ளேயே இரண்டு கிண்ணமாகப் பிரிந்து வருகிறது, இருவரும் அடி தெரியக் குடித்துவிடுகிறார்கள். கடைசிக் கரண்டி சூப்பை யாரும் யாருக்காகவும் மிச்சம் வைத்ததில்லை. அதே ஆட்கள், அதே பசி. பொதுத் தட்டு மட்டும் இல்லை. மேஜையிலேயே தணல் வைத்துக் கம்பியில் கோத்துக் கொண்டுவரும் பஃபே கடைகளிலும் இதைக் காணலாம். போதும் என்று நாம் கொடியை இறக்கும்வரை கம்பி வந்துகொண்டே இருப்பதால், அங்கே எந்தத் துண்டும் கடைசித் துண்டாவதில்லை, கூச்சமும் இல்லை. குழம்பு வகைகள் எண்ண முடியாதவை, அவையும் தப்பிவிடுகின்றன. கம்பெனி பணம் கொடுக்கும் விருந்தில் மட்டும் எதுவும் மாறுவதில்லை, அங்கும் துண்டு மிஞ்சத்தான் செய்கிறது. ஆகவே இது பணக் கணக்கும் இல்லை.

தமிழருக்கே உரிய அடக்கம் இது என்கிற வாதம் கேட்க இனிமையானது, ஆனால் உலகம் ஒத்துழைக்க மறுக்கிறது. ஸ்பெயினில் பொதுத் தட்டின் கடைசித் துண்டை வெட்கத்தோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஜப்பானின் ஒசாகா வட்டாரத்திலும் அதை எடுக்கத் தயங்குவது ஊரறிந்த வழக்கம். தாய்லாந்தில் கடைசித் துண்டை எடுப்பவருக்கு அழகான துணை அமையும் என்று சொல்லி எடுக்கவைக்கிறார்கள். இப்படி ஒரு லஞ்சம் தேவைப்படுகிறது என்பதே நோய் அங்கும் உண்டு என்பதற்குச் சான்று. சரி, தமிழரிலேயே பொதுத் தட்டில் உண்பவர்கள் இருக்கிறார்களே, காயல்பட்டினத்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அங்கே இந்தச் சிக்கல் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு இது, ஏனென்றால் என் வாதத்துக்கே துணை நிற்கிறது. சஹனில் தட்டு பொது, எல்லை பொது அல்ல. தன் முன்னால் இருப்பதிலிருந்தே உண்ண வேண்டும் என்பது அங்கே முறை. வீணாக்காமல் முடிப்பது நல்லது என்பதும் முறை. யார் எதைத் தின்கிறார் என்ற கேள்வி தொடக்கத்திலேயே தீர்க்கப்பட்டுவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். கடைசி மீன் துண்டு யாருக்கு என்று அம்மா சட்டியை இறக்கும்போதே முடிவு செய்திருப்பார். அதிகாரம் உள்ள இடத்தில் கூச்சம் பிறப்பதில்லை. அலுவலக மேஜையில் அம்மா இல்லை; மேனேஜர் இருக்கிறார், அவரும் அதே துண்டைப் பார்க்காமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாக மிஞ்சுவது எலும்பும் தோலுமாக இருப்பது, தீய்ந்தது, சிறியது. நல்லவற்றை முதலிலேயே பொறுக்கிவிடுவதால் கழிசடை நிற்கிறது, அவ்வளவுதான் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தீய்ந்த துண்டு, பாதிப் பேர் கை கழுவ எழுந்து போய்த் திரும்புவதற்குள் காணாமல் போகிறது. திரும்பி வந்தவர்கள் வெறும் தட்டைப் பார்க்கிறார்கள், எதுவும் கேட்பதில்லை. இருந்தவர்கள் ஐபிஎல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். துண்டின் தரம் மாறவில்லை, சாட்சிகளின் எண்ணிக்கை குறைந்தது. இதற்கு மேல் ஆய்வுக்கூடச் சான்று வேண்டும் என்பவர் நியாயமற்றவர்.

பிறகு உபசாரப் போர். “நீங்க எடுத்துக்கோங்க.” “ஐயோ, நான் நிறைய சாப்பிட்டேன், நீங்க எடுங்க.” இது விட்டுக்கொடுத்தல் இல்லை என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். சொல்பவர் தட்டைத் தூக்கி மற்றவர் தட்டில் துண்டை வைத்துவிட்டால் அது உபசாரம். இலைக்கு இலை பரிமாறிய நம் முன்னோர் செய்தது அதுதான். வாயால் மட்டும் சொல்லிக் கையை மேஜைக்கு அடியில் வைத்திருந்தால், பெயரை அடுத்தவர் தலையில் கட்டும் முயற்சி. கட்டுவதற்கு வாகான தலைகளும் இருக்கின்றன. அந்த மாதம் சேர்ந்த பையன் (“வளர்ற பிள்ளைடா, சாப்பிடு”), வேலையை விட்டுப் போகிறவர், பிறந்தநாள்காரர். மூவருக்கும் பொதுவாக ஒரு சாக்கு கிடைக்கிறது, சாக்கு கிடைத்தால் பழி இல்லை. இந்த மூவரும் இல்லாத மேஜையில் யாராவது ஒருவர் “பாதி மட்டும்” என்று பிய்த்துக்கொள்வார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. ஓடும் தூரத்தைப் பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் ஓட்டம் முடியவே முடியாது என்று ஜீனோ என்ற கிரேக்கர் சுமார் 2450 ஆண்டுகளுக்கு முன் வாதிட்டார். அவரை யாரோ சிக்கன் 65 இல்லாத ஊரில் எளிதாக மறுத்துவிட்டார்கள்.

இந்த முடிச்சை நாள்தோறும் அவிழ்த்துக்கொண்டிருப்பவர் பரிமாறும் தம்பிதான். மேஜையில் அடுத்த தட்டுக்கு இடமில்லாதபோது வந்து குனிந்து, “இதை எடுத்துடலாமா சார்?” என்கிறார். அந்த நொடியில் மூன்று கைகள் கிளம்புகின்றன. “அட, வேஸ்ட் ஆகுதே!” ஆசைக்கு வந்தால் வெட்கம், வீணாகாமல் காக்க வந்தால் கடமை, துண்டு அதே துண்டு. அந்தக் கேள்விக்கு மேஜை மொத்தமும் கடன்பட்டிருக்கிறது, டிப்ஸ் போடும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் எல்லாப் பாரத்தையும் அந்தத் தம்பி மேல் போடுவது முறையல்ல. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனு அட்டையில் கலோரி அளவை அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அச்சிடுகிறார்கள், படிப்பவர் சிலர். அதன் பக்கத்திலேயே ஒரு பிளேட்டில் எத்தனை துண்டு என்பதையும் அச்சிட்டுவிடுங்கள். ஆறு பேருக்குப் பத்தா, எட்டா, பன்னிரண்டா என்று பசி வருவதற்கு முன்பே, ஆர்டர் சொல்லும்போதே நாங்கள் பேசி முடித்துக்கொள்கிறோம்.