உப்புக் கரையில் செராமிக் குண்டு

வானூர், மரக்காணம் பக்கத்துப் பட்டறைகளில் செராமிக் பேரிங் பற்றிப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி, "துருப்பிடிக்காதாமே?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி, உப்புக்காற்று தின்னாத இரும்பு இந்தக் கரையில் ஏது? ஆனால் செராமிக் குண்டின் முதல் தகுதி அதுவல்ல. அதன் எடை.

குண்டுக்குப் பெரிதும் பயன்படுவது சிலிக்கான் நைட்ரைடு. கன சென்டிமீட்டருக்கு 3.2 கிராம், எஃகு 7.8. சுழலும் குண்டு வெளி வளையத்தை முட்டித் தள்ளும். அந்த விசை எடையோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்து உப்பளத்தில் உவர்நீர் இறைக்கும் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பல் டாக்டர் கையிலுள்ள துளைக்கருவி 3 லட்சத்தைத் தாண்டும். வேகம் இருநூறு மடங்கு. அதே அளவுக் குண்டானால் விசை நாற்பதாயிரம் மடங்குக்கு மேல். எடை பாதிக்கும் கீழே குறைவதன் அருமை அங்கேதான் தெரியும். சூட்டில் எஃகு விரிவதில் கால்பங்குதான் செராமிக் விரியும் என்பதால் குண்டு இறுகிச் சிக்குவதும் குறைவு.

தேய்மானத்தைத் தாங்குவதற்குப் பெரிய சாட்சி அமெரிக்க விண்வெளி ஓடம். அதன் எஞ்சினில் திரவ ஆக்சிஜனைத் தள்ளும் பம்ப்பின் பேரிங்குக்கு எண்ணெயோ கிரீஸோ இட முடியாது, பற்றிக்கொள்ளும். எஃகுக் குண்டுகள் தேய்ந்துபோய், பம்ப்பை அடிக்கடி கழற்ற வேண்டியிருந்தது. சிலிக்கான் நைட்ரைடு குண்டு வைத்த புதிய பம்ப் 1995 ஜூலையில் டிஸ்கவரி ஓடத்தில் பறந்தது.

செராமிக் குண்டு மின்சாரத்தையும் கடத்தாது. வி.எஃப்.டி. (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவி) வைத்து ஓட்டும் மோட்டாரில் ஷாஃப்ட்டில் சேரும் மின்சாரம் எஃகுக் குண்டு வழியே வளையத்துக்குத் தாவி, பொறி தட்டி, நுண்குழி போடும். கழற்றிப் பார்த்தால் ரேஸில், அதாவது குண்டு ஓடும் வளையத் தடத்தில், வரிவரியாகக் கோடு, கிரீஸ் கருத்திருக்கும்.

இனி துரு. கடையில் செராமிக் பேரிங் என்று தருவதில் பெரும்பாலும் குண்டு மட்டுமே செராமிக்; வளையம் எஃகுதான். உவர்நீர் புகுந்தால் வளையம் அரிக்கும். பலத்த அடி விழுந்தாலும் பள்ளம் வளையத்தில்தான், குண்டு அவ்வளவு விறைப்பு.

ஆகவே 1,440 சுற்றில் உவர்நீர் இறைக்கிறவர்கள் காசை முதலில் நல்ல சீலுக்கும் தண்ணீரில் கரையாத கிரீஸுக்கும் போடுங்கள். வி.எஃப்.டி. மோட்டாரில் பேரிங் அடிக்கடி போகிறதென்றால், பழையதைத் தூக்கி எறியாமல் பிரித்துப் பாருங்கள். ரேஸில் அந்தக் கோடு இருந்தால் செராமிக் குண்டு கேட்டு வாங்குங்கள்.